வைரவன் கொடுத்த முருங்கைப் பொடி

பக்கத்துக் கடையில் கூட்டம் கூடினால் மெய்யப்பனுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் முப்பது வருஷம் துணிக்கடை நடத்திய மனுஷன். தன் கடையில் பத்துப் பேர் சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது கண்ணில் படாது. எதிர்க்கடை வாசலில் ரெண்டு பேர் செருப்பைக் கழற்றினால் போதும், வயிறு எரிய ஆரம்பித்துவிடும். சொந்த அண்ணன் புதுக் கார் வாங்கினான் என்று ஒரு தீபாவளிக்கு அந்த வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. கோயிலில் குருக்கள் அடுத்த ஆளுக்கு முதலில் திருநீறு கொடுத்துவிட்டால் அன்றைக்கு சாமியோடும் சண்டைதான்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சொன்ன வாக்கு மாறமாட்டார். சாயம் போகிற சேலையைப் போகாது என்று சொல்லி விற்கமாட்டார். அதைவிடப் பெரிசு, கைராசிக்காரர் என்ற பெயர். முகூர்த்தச் சேலையை மெய்யப்பன் கையால் எடுத்துக் கொடுத்தால் பொண்ணு நல்லா இருக்கும் என்று செராஸிலிருந்தெல்லாம் வருவார்கள். மற்றச் சேலைகளை வேறு கடையில் வாங்கிக்கொண்டு அந்த ஒன்றுக்கு மட்டும் இவரிடம் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் கையிலிருக்கும் வேறு கடைப் பையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.

இப்படி ஊரையே பார்த்து வெந்துகொண்டிருந்தவருக்கு மனைவி விசாலம் விஷயத்தில் மட்டும் அந்த எரிச்சல் வந்ததே கிடையாது. கடையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்து எவனாவது பொறாமைப்படுவானா? சுற்றுகிறது, காற்று வருகிறது, அவ்வளவுதான். விசாலமும் அப்படித்தான். கல்லாவில் உட்கார்ந்தாள், சமைத்தாள், மகள் கௌசல்யாவை வளர்த்துப் பினாங்கில் கட்டிக் கொடுத்தாள். உடம்பு எப்படி இருக்கு என்று அவளை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவன் வைரவன். ஆனால் அவன் வருவதற்கு முன்னால் மாத்திரைக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன் மெய்யப்பனுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அதன்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை. வார்ஃபரின் என்று பெயர். ரத்தத்தைச் சட்டென்று உறைய விடாது. அளவு குறைந்தால் வால்வில் கட்டி விழும். கூடினால் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும். அந்த நடுவளவைப் பிடிக்க ரத்தத்தைச் சோதித்து ஒரு எண் சொல்வார்கள். அவருக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கடையை ஒரு கைப்பேசிக்காரனுக்கு விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வரச் சௌகரியமாக இருக்கட்டும் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

மாத்திரை கிளினிக்கில் இருந்த மருந்தாளர் ஸ்ருதி முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அங்கிள், கீரையில வைட்டமின் கே இருக்கு. அது ரத்தத்தை உறைய வைக்க ஒரு பக்கம் இழுக்கும். இந்த மாத்திரை எதிர்ப்பக்கம் இழுக்கும். ரெண்டு பக்கமும் ஒரே பலமா இழுத்தாத்தான் கயிறு நடுவுல நிக்கும். கீரையை விடச் சொல்லலை. வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடுங்க, அதுக்கேத்த மாதிரி நான் மாத்திரை தரேன். புதுசா மூலிகை, பொடி, சப்ளிமென்ட் எது எடுக்கறதா இருந்தாலும் எங்கிட்ட முதல்ல சொல்லிடணும், சரியா?"

மெய்யப்பன் தலையை ஆட்டினார். காதில் வாங்கியது விசாலம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும்தான் கீரை. அதுவும் ஒரே கிண்ணம். பாசாரில் கீரை கொழுகொழுவென்று கிடந்தாலும் கூட ஒரு கட்டு வாங்கமாட்டாள். எண் ஆறு வருஷமாக ஒழுங்காக நின்றதென்றால் அந்தக் கிண்ணத்தால்தான் நின்றது. அவருக்கு அது தெரியுமா? எங்கே தெரியப்போகிறது.

ஒரு தடவை ஷா ஆலாமில் ஒரு கல்யாண விருந்து. பரிமாற வந்தவனிடம் விசாலம், "அவருக்குக் கீரைக்கூட்டு வைக்காதேப்பா, ரத்த மாத்திரை சாப்பிடறாரு, நேத்தே கீரை சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டாள். எதிர் வரிசையில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? கிள்ளான் எதிர்க்கடைக்காரர். அவர் பாவம், அனுதாபமாகத்தான் பார்த்தார். மெய்யப்பனுக்கு மானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து குதித்தார். "நான் நோயாளின்னு ஊர் முழுக்கத் தண்டோரா போடறியா? இனிமே மாத்திரை, கீரைன்னு ஒரு வார்த்தை என் காதுல விழக்கூடாது, சொல்லிட்டேன்." விசாலம் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாயால் சொன்னதையெல்லாம் கையால் செய்துகொண்டாள்.

இப்போது வைரவனுக்கு வருவோம். போன வருஷம் விசாலத்தோடு கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். காலையில் சாமி படம், மத்தியானம் சமையல் படம், ராத்திரி பழைய பாட்டு. அதில் வைரவன் என்று ஒருவன். மனைவி இறந்துபோய் செமினியில் தனியாக இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் நிலம், நிலம் முழுக்க முருங்கை. இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, பாட்டிலில் அடைத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்துமலை ஏறி, உச்சியில் நின்று சிரித்தபடி ஒரு படம் அனுப்புவான். தலை நரைத்திருக்கிறதே தவிர ஒரு முடி கொட்டவில்லை. மெய்யப்பன் மனைவியின் தோளுக்கு மேல் எட்டி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

பிறகு கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் கூடினார்கள். கணவன் மனைவியோடு வரலாம் என்றார்கள், மெய்யப்பனும் போனார். வைரவன் ரோஸ் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அந்த வயசில் ரோஸ் சட்டை. வந்தவன் எல்லார் முன்னாலும், "அண்ணே, உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு பேர் காலைச் சேர்த்துக் கட்டி ஓட விடுவாங்களே, பள்ளி விளையாட்டுப் போட்டியில நானும் விசாலமும்தான் முதல் பரிசு" என்றான். அப்போது இருவருக்கும் பத்து வயசு. மெய்யப்பனுக்கு அந்தக் கணக்கெல்லாம் புத்தியில் ஏறவில்லை. காலைச் சேர்த்துக் கட்டி என்பது மட்டும் ஏறியது. போதாக்குறைக்கு விசாலம் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். இலையில் ரசம் அப்படியே கிடந்தது.

கிளம்பும்போது வைரவன் கேட்டான், "என்ன விசாலம், ரொம்ப மெலிஞ்சிட்ட. படியேறினா மூச்சு வாங்குதே?"

"ரத்தம் கம்மியா இருக்காம்" என்றாள் விசாலம்.

மெய்யப்பனுக்கு அதுவே புதுச் செய்தி. எங்கிட்ட சொல்லவில்லை, அவனிடம் சொல்கிறாள் என்று காரில் வரும்போதெல்லாம் கொதித்தார். அவர் கேட்கவில்லை, அவன் கேட்டான் என்ற வித்தியாசம் அந்தக் கொதிப்பில் எங்கே தெரியும்?

ரெண்டு வாரத்தில் பொடி வந்துவிட்டது. கீழே காவலாளி கூண்டருகே வந்து நின்று வைரவன் போன் செய்தான், விசாலம் இறங்கிப் போனாள், திரும்ப நேரமானது. கையில் ஒரு பாட்டிலோடு வந்தவள், நேரே சமையலறைக்குப் போய் ஸ்டூலில் ஏறி, மேல்தட்டில் இட்லிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் மெய்யப்பன் அத்தனையும் பார்த்தார்.

"என்னது அது?"

"முருங்கையிலைப் பொடி. வைரவன் குடுத்தாரு. எனக்கு."

அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஒளிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார் மெய்யப்பன். அவன் கொடுத்ததை என் கண்ணில் படாமல் ஒளிக்கிறாள். மரியாதைக்கு எனக்கென்று ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை. நான் இந்த வீட்டில் யார்?

விசாலம் தினமும் காலையில் மோரில் ஒரு கரண்டி கலந்து குடித்தாள். ஒரு மாதத்தில் கன்னத்தில் களை வந்தது. லிஃப்ட் பழுதான நாளில் மூன்று மாடி நிற்காமல் ஏறினாள். குழுவிலிருந்து போன் வந்தால் கூடத்துக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். அவள் குளிக்கப் போயிருந்த ஒரு காலையில் மெய்யப்பன் ஸ்டூலில் ஏறினார். அறுபத்தாறு வயசு, நெஞ்சில் உலோக வால்வு, திருட்டுத்தனமாக ஸ்டூலில் ஏறுகிறார். பாட்டிலைத் திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டார். தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இருமினால் அவளுக்குக் கேட்கும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார். அவனை அப்படி வைத்திருப்பது எது, அது எனக்கும் வேண்டும். அவ்வளவுதான் அவர் மனசில்.

ஸ்ருதி சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. முருங்கைக்கீரை நம்ம வீட்டுச் சாப்பாடு, அதெல்லாம் மருந்தில் சேர்த்தியா என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஒரு கரண்டிப் பொடிக்குள் எத்தனை பிடி இலை சுருங்கிக் கிடக்கிறது என்று துணிக்கடைக்காரர் யோசித்துப் பார்க்கவில்லை. பாட்டில் குறைந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று மட்டும் யோசித்தார். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு நாட்டு மருந்துக் கடையில் அதே பொடியை வாங்கி, எடுத்த அளவை நிரப்பிவிட்டு, மீதியைப் பழைய சேலைப் பெட்டியில் ஒளித்துவைத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவள் ஒன்று சாப்பிட்டால் இவர் ரெண்டு.

அடுத்த சோதனையில் எண் இறங்கியிருந்தது. ஒன்று புள்ளி எட்டு.

ஸ்ருதி புருவத்தைச் சுருக்கினாள். "என்ன அங்கிள், இத்தனை வருஷமா இப்படி ஆனதில்லையே. மாத்திரையை மறந்தீங்களா?"

"இல்லையே."

"புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா? மூலிகை, பொடி?"

மெய்யப்பன் பக்கத்தில் விசாலம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எப்படிச் சொல்வது? உன் வைரவன் கொடுத்ததை நான் திருடித் தின்கிறேன் என்றா? "ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"நான் சமைக்கறதைத் தவிர அவரு எதையும் தொடறதில்லைம்மா" என்று விசாலம் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு ரோஷம். "கீரை அளவு மாறவே இல்லை. அதே கிண்ணம்தான்."

ஸ்ருதி மாத்திரை அளவைக் கூட்டினாள். அடுத்த தடவையும் எண் ஏறவில்லை, இன்னும் கூட்டினாள். மூன்றாவது தடவை எண் நடுவில் வந்து நின்றது. "அப்பாடா" என்று சிரித்து, அடுத்த சோதனையைத் தள்ளிப் போட்டாள். ஒரு பக்கம் கூடின பொடி, மறுபக்கம் கூடின மாத்திரை, கயிறு ஒரு வழியாக நின்றுவிட்டது. அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்திருந்தால்கூட அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மெய்யப்பன் அந்த நாட்களில் நன்றாகத்தான் இருந்தார். லிஃப்ட் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செராஸில் போய் ஒரு ரோஸ் சட்டைகூட வாங்கினார், போட்டுக்கொள்ளத்தான் தைரியம் வரவில்லை. என்னங்க ஆளே மாறிட்டீங்க என்று விசாலம் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

சொன்னது வேறு. ஒரு நாள் காலை அவள் பால்கனியில் நின்று குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் வணக்கம். பொடி எடுத்ததுலேர்ந்து எனக்கு மூச்சே வாங்கலை. டாக்டர்கூட ரத்தம் கூடியிருக்குன்னு சொன்னாங்க. வைரவன் கைராசி, வேற என்ன சொல்ல."

கைராசி. உள்ளே நின்ற மெய்யப்பனுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் அழகு என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த வார்த்தை அவருடையது. முப்பது வருஷம் ஊர் அவருக்கு மட்டும் கொடுத்த வார்த்தை. அவளும்தானே பக்கத்தில் கல்லாவில் உட்கார்ந்து கேட்டாள்? அதைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டாளே. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. லிஃப்ட் கண்ணாடியில் பார்த்துப் பூரித்தாரே, அந்தக் களையும் அவன் கைராசியா? அவன் கையை நம்பி நான் உயிர் வாழணுமா? சேலைப் பெட்டியிலிருந்த பொடியை அள்ளிக் கொண்டுபோய்க் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டார். இனி ஒரு கரண்டி தொடுவதில்லை.

கெட்டதை நிறுத்தினால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் வினையே. பொடி இழுத்துக்கொண்டிருந்த பக்கம் கை விட்டாயிற்று. ஸ்ருதி கூட்டிக் கொடுத்த மாத்திரை எதிர்ப்பக்கம் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டே இருந்தது. மாத்திரையை மட்டும் அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை.

சில நாளில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. மேசையில் முழங்கையை இடித்த இடம் உள்ளங்கை அளவுக்குக் கறுத்துப்போனது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டார். கிளினிக்குக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் ஸ்ருதி, எப்போதிலிருந்து, என்ன மாறியது என்று கேட்பாள். சொன்னால் விசாலத்துக்குத் தெரியும். தெரிந்தால் வைரவனுக்குத் தெரியும், அவன் சிரிப்பான். அவன் சிரிப்பதை நினைத்தால் ரத்தம் போவதே தேவலை என்றிருந்தது அந்த மனுஷனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை தோசை சாப்பிட உட்கார்ந்தவருக்கு மூக்கிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது. பிறகு நிற்கவில்லை. துண்டு நனைந்தது, அடுத்த துண்டும் நனைந்தது. விசாலம் வாடகைக் காரைக் கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து வைரவனின் போன். பத்துமலை போகிற வழியில் அடுத்த பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறான்.

"வைரவா, வண்டியை வாசலுக்குக் கொண்டா, அவருக்கு ரத்தம் நிக்கலை" என்று விசாலம் கத்தினாள்.

வைரவா என்றாளே என்று துண்டுக்குள்ளிருந்து மெய்யப்பன் நினைத்தார். ஆள் போய்க்கொண்டிருக்கிறார், நினைப்பு அதுதான். காரின் பின்சீட்டில் அவர் பிடரியில் கை வைத்துப் பிடித்துக்கொண்டு விசாலம் உட்கார்ந்திருந்தாள். வைரவன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரனை அழுத்தியபடி, "தலையை முன்னால குனிங்கண்ணே, வந்துட்டோம்ணே" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். சீட்டெல்லாம் ரத்தம். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் மெய்யப்பன் கவனித்தார். அதற்கும் அவருக்கு எரிச்சல் வந்தது.

அவசரப் பிரிவில் மூக்கில் பஞ்சை அடைத்து, கையில் மருந்து ஏற்றினார்கள். எண் எட்டுக்கு மேல் போயிருந்தது. திருச்செல்வம் என்ற இளம் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"அங்கிள், நல்ல வேளை மூக்கு. இதே ரத்தம் மூளைக்குள்ள கசிஞ்சிருந்தா இப்ப நாம பேசிக்கிட்டிருக்க மாட்டோம். என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலை டாக்டர்" என்று விசாலம் முந்திக்கொண்டாள். "ஆறு வருஷமா நான்தான் பாத்துக்கறேன். ஒரு இலை கூடக் குறைச்சல் இல்லை."

டாக்டர் அவளைப் பார்க்காமல் மெய்யப்பனையே பார்த்தார். "உங்களுக்கு வால்வு இருக்கு. ரத்தத்தை ரொம்ப உறைய வைக்கவும் முடியாது, இப்படியே விடவும் முடியாது. ஏன் ஏறுச்சுன்னு தெரியாம நாளைக்கு நான் என்ன அளவு எழுதறது? குத்துமதிப்பா எழுதவா?"

மெய்யப்பன் விசாலத்தைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பில் ரத்தம் காய்ந்து கிடந்தது. "நீ கொஞ்சம் வெளியே இரு" என்றார்.

"மாட்டேன். ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு உங்களுக்காகச் சாட்சி சொன்னவ நான். எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

வேறு வழியில்லை. மூக்கில் பஞ்சோடு, சளி பிடித்தவர் மாதிரிக் குரலில், எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டூல், கரண்டி, நாட்டு மருந்துக் கடை, சேலைப் பெட்டி, கழிப்பறை. டாக்டர் எத்தனை கரண்டி, எப்போது நிறுத்தினார் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "மூணு மாசம் முன்னாடி சாப்பிட்ட பழைய அளவுக்கே போயிடலாம், மெதுவா பாத்துப் பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெய்யப்பன் விசாலத்தின் திட்டுக்குக் காத்திருந்தார்.

"அன்னிக்கு வைரவன் ரெண்டு பாட்டில் கொண்டாந்தாரு" என்றாள். "ஒண்ணு அண்ணனுக்குன்னாரு. அவருக்கு மாத்திரையோட ஒத்துக்காது, கொண்டு போயிடுங்கன்னு கீழேயே திருப்பிக் குடுத்தேன். என்னோடதையும் உங்க சாப்பாட்டுல தப்பித் தவறிக் கலந்துடக் கூடாதேன்னுதான் மேல ஏத்தி வெச்சேன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"மாத்திரைப் பேச்சு காதுல விழக்கூடாதுன்னது யாரு?"

மெய்யப்பன் கூரையைப் பார்த்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். என் மேல் கோபம் என்று நினைத்தார். கோபம் அவர் மேல் இல்லை, தன் மேலேயே.

"உங்களுக்கு வயிறெரியுதுன்னு எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கடையிலேயே தெரியும்" என்றாள் விசாலம். "ரசத்தைத் தொடலையே நீங்க. நம்ம மனுஷனுக்கு நம்ம மேலயும் கண்ணு இருக்குன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனாலதான் போன்ல கொஞ்சம் சத்தமா சிரிச்சேன். நீங்க உள்ள நிக்கறது தெரிஞ்சுதான் கைராசின்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டாவது வந்து சண்டை போடுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா சாகக் கிளம்பிட்டீங்க."

மெய்யப்பனுக்கு மூச்சு வாயால்தான் விட முடிந்தது. உலகத்தில் யாரிடம் என்ன இருக்கிறது என்று எண்ணி எண்ணியே கிழவனான மனுஷன். தன்னை இப்படி ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள், அது கணக்கிலேயே வரவில்லை. அவருக்கும் கண் கலங்கியது.

விசாலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வைரவன் இன்னும் வெளியதான் உக்காந்திருக்காரு. பொடி குடுத்த பாவம் தன்னோடதுன்னு பயந்துபோய் இருக்காரு. உள்ள கூப்பிடட்டுமா?"

"நாளைக்குக் கூப்பிடு" என்றார் மெய்யப்பன். "இன்னிக்கு நீ மட்டும் இரு."